தொட்டிலும் தொடுதிரையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய கூட்டத்துக்குச் செயலாளர் தந்த பொருள் நகரத்து இளம் பெற்றோரும் பிள்ளை வளர்ப்பும் என்பது. பொருளோ பெரிது, எனக்குக் கிடைத்த நேரமோ அரைமணி. ஆதலால் அதன் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கும் தொடுதிரைக் கருவிகளைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

மணமாகாத பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்ல எழுவது, நீந்தத் தெரியாதவன் கடற்றொழிலாளருக்குக் கடலைப் பற்றிச் சொல்வது போலத் தோன்றலாம். ஆயினும் எனக்கும் ஒரு சிறு உரிமை உண்டு. மூன்று ஆண்டுகளாக வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதித் தொடர்மாடிகளில் மாலை வேளைகளில் வீடு வீடாகச் சென்று பாடஞ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஐந்தாந்தரத்துப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு விளக்கும்போது, அதே மேசையின் கீழே அவளுடைய இரண்டு வயதுத் தம்பி என்ன செய்கிறான் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பெரும்பாலும் அவன் ஒன்றுஞ் செய்வதில்லை. கையில் தாயின் போன் இருக்கிறது. தாய் சமையலறையில் நிற்கிறார். தந்தை இன்னும் கந்தோரிலிருந்து வரவில்லை, அல்லது வந்து நாற்காலியில் அமர்ந்து தம்முடைய போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் முகத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒளி விளையாடுகிறது. வீட்டில் ஓசை உண்டு, பேச்சு இல்லை.

இக்கருவி பிள்ளைகளுக்கென்று செய்யப்பட்டதன்று. ஐபோன் 2007 ஆம் ஆண்டிலும், பலகை வடிவான ஐபாட் 2010 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவற்றின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மின்கடத்திப் படலம் ஒன்று உண்டு. நமது உடலும் மின்னைக் கடத்துவது. ஆதலால் விரல் பட்ட இடத்தில் மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு கருவி விரலின் இடத்தை அறிகிறது. பெரியவர்களின் வசதிக்காகச் செய்த இவ்வேற்பாட்டுக்கு எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. விசைப்பலகையை ஆள்வதற்கு எழுத்து அறிந்திருக்க வேண்டும். கணினியின் சுட்டியை நகர்த்தக் கையும் கண்ணும் இணங்கிப் பழக வேண்டும். தொடுதிரைக்கோ கண்டதைத் தொடுவது ஒன்றே போதும். பத்து மாதக் குழந்தைக்கு அதைவிட இயல்பான செயல் வேறில்லை. மகன் தானாகவே பாட்டை மாற்றுகிறான் என்று தாய் மகிழ்ந்து காட்டுவார், நானும் மகிழ்வேன். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் கருவியைச் செய்தவனுடையதா, பிள்ளையுடையதா என்று மனம் கேட்கும்.

புதியது எது வந்தாலும் முதியோர் குறை கூறுவது வழமைதானே என்பார் உளர். அவர் கூற்றில் உண்மையும் உண்டு. இந்நாட்டில் வானொலி 1925 இல் தொடங்கியது. தொலைக்காட்சி 1979 இல் வந்தது. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தது. இனிப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று அவ்வப்போது கூறியோரின் பிள்ளைகள் படித்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் வானொலி வீட்டின் கூடத்தில் இருந்தது. அதைக் கேட்டவர் எல்லாரும் ஒருங்கே கேட்டனர். தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிந்தது. முடிந்த பின் பிள்ளை எழுந்து வேறு அலுவல் பார்த்தது. தொடுதிரையோ ஒருவர் கைக்கே உரியது. அதில் வருவதற்கு முடிவும் இல்லை. ஒரு பாட்டு முடியுமுன்னரே அடுத்த பாட்டுத் தானே வந்து நிற்கிறது. பழைய குறைபாட்டை இதற்கும் அப்படியே சாத்துவது பொருந்தாது. அக்குறைபாடு பழையது என்பதால் இதைத் தள்ளிவிடுவதும் பொருந்தாது.

நான் பாடஞ் சொல்லும் வீடொன்றில் இதைப் பற்றி ஒருநாள் மெல்லக் கேட்டேன். அந்த அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. கந்தோரால வந்து சமைச்சு முடிய எனக்கு நாற்பது நிமிஷம் வேணும். அந்த நாற்பது நிமிஷமும் இவனை ஆர் பாக்கிறது?”

அன்றிலிருந்து இக்கேள்வியை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இவ்விடயத்தைப் பற்றி மேடைகளிற் பேசுவோர் பலர் அதற்கு விடை கூறாமலே இறங்கிவிடுகின்றனர். யாழ்ப்பாணத்து வீடொன்றில் அந்த நாற்பது நிமிடமும் கேள்வியாகவே எழுந்திருக்காது. முற்றம் இருந்தது, அம்மம்மா இருந்தார், வேலிக்கு அப்பால் சின்னம்மா இருந்தார். ஒருவர் அடுப்படியில் நின்றால் இன்னொருவர் இடுப்பில் பிள்ளை இருந்தது. கொழும்பில் ஐந்தாம் மாடியில் இரண்டு அறைகளும் ஓர் ஒடுங்கிய மேல்மாடமும் உள்ளன. கீழே காலி வீதி. மறுபுறம் கடற்கரை வீதியும் புகைவண்டிப் பாதையும். அம்மம்மா கொக்குவிலில் இருக்கிறார், அல்லது ரொறன்ரோவில் இருக்கிறார். வாடகையைக் கட்ட இருவரும் உழைக்க வேண்டியிருக்கிறது. இந்நிலையில் போனைக் கொடுத்த தாயைச் சோம்பேறி என்று கூறுவோர், அத்தாயின் வீட்டில் ஒரு மாலைப்பொழுது இருந்து பார்க்க வேண்டும்.

அன்றியும், போனைப் பிள்ளையின் கையில் வைக்கும்படி பெற்றோரை ஏவியது நாடே என்பதை மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சு மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை “போனை வை” என்று பிள்ளையை அதட்டிய தாய், மறுமாதம் “போனை எடு, வகுப்புத் தொடங்கிவிட்டது” என்று அதட்ட வேண்டியதாயிற்று. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குங்கூட வாட்ஸ்அப் வழியாகப் பாடம் வந்தது. அது தணியுமுன்னர் 2022 ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு; ஜூன் மாதத்தில் எரிபொருள் இல்லாமையால் கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டு, மீண்டும் கண்ணாடிக்குள் வகுப்பு. ஒருமுறை கைக்கு வந்த பழக்கம் நோய் தீர்ந்தவுடன் தானும் தீர்ந்துபோகும் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? இவ்விரண்டு ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் அண்ணன்மாரும் அக்காமாரும் பள்ளிக்கூடம் என்பதே போன் என்று கண்டவர்கள். தம்பிக்கு அது எப்படி விலக்கப்பட்ட பொருளாகும்?

இனி, இதனால் வரும் தீங்குதான் யாது? கண் கெடும், நித்திரை கெடும் என்று பலரும் கூறுவர். வெளியிலே செலவிடும் நேரத்துக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்புண்டு என்பது உறுதியான செய்தி. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாந்தரப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டதில், மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தோர் தொகை 100 க்கு ஏறத்தாழ 40 இலிருந்து 30 ஆகக் குறைந்தது என 2015 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் நான் இன்று அழுத்திக் கூற விரும்புவது கண்ணைப் பற்றியதன்று, நாவைப் பற்றியது.

அமெரிக்காவின் சியாற்றல் நகரில் பற்றீசியா கூல் என்னும் பேராசிரியை தம் துணைவருடன் செய்து 2003 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீனமொழி பேசுவோர் சிலர் 12 முறை நேரில் வந்து, தரையில் அமர்ந்து, படம் காட்டிப் பேசி விளையாடினர். அக்குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. வேறு சில குழந்தைகளுக்கு அதே மனிதர், அதே சொற்கள், அதே பொம்மைகள். ஆனால் நேரில் அன்று, திரையில். அக்குழந்தைகள் கற்றது யாதுமில்லை. சீனமே கேளாத குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. திரையை அவர்கள் பார்க்காமலும் இல்லை. கண்ணும் காதும் திரையில் இருந்தும் ஒலி உள்ளே இறங்கவில்லை.

ஏன்? குழந்தை ஓர் ஒலி எழுப்புகிறது. தாய் திரும்பிப் பார்க்கிறாள். குழந்தை பந்தைப் பார்க்கிறது. தாயும் பந்தைப் பார்த்து “பந்து” என்கிறாள். குழந்தை மீண்டும் ஏதோ சொல்கிறது. வலைப்பந்து ஆட்டத்திற் போல, ஒருவர் எறிய மற்றவர் பிடிக்கிறார். மொழி பிறக்கும் இடம் இதுவே. திரையிலுள்ள பாட்டுக்காரி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், குழந்தை எறிந்ததை அவள் பிடிப்பதில்லை. அவளுக்கு முன்னால் குழந்தை ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

தொடுதிரை தொட்டால் பதிலளிக்கிறதே, அது தொலைக்காட்சியிலும் மேலானதல்லவா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதினைந்து மாதக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. மெய்யான விளையாட்டுச் சாமான் ஒன்றின் பொத்தானை அழுத்திக் காட்டினால், குழந்தை அச்சாமானில் அதைச் செய்தது. தொடுதிரையிலுள்ள படத்தின் பொத்தானை அழுத்திக் காட்டினால், படத்தில் அதைச் செய்தது. திரையிற் கண்டதை மெய்யான சாமானிற் செய்யச் சொன்னபோதோ பல குழந்தைகள் தடுமாறின, மறுதலையாகவும் அவ்வாறே. கண்ணாடிக்குள் ஓர் உலகம், வெளியே ஓர் உலகம். அந்த வயதில் இரண்டுக்கும் இடையே பாலம் இன்னும் கட்டப்படவில்லை. விஜயதசமியன்று நாம் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். அரிசி விரலுக்குத் தடை கொடுக்கிறது. தள்ளிய இடத்தில் பள்ளம் விழுகிறது. சிந்தினால் ஆச்சி திட்டுகிறார். கண்ணாடியில் ‘அ’வும் வழுக்கும், ‘ஆ’வும் வழுக்கும், பந்தும் பூனையும் வழுக்கும், யாவும் ஒரே மாதிரி.

ஆனால் இதே கூல் அம்மையாரும் அவர் துணைவரும் 2018 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இம்முறை ஒன்பது மாதக் குழந்தைகள் தொடுதிரையைத் தாமே தொட்டுச் சீனமொழிப் படங்களை ஓடச் செய்தன. சில குழந்தைகள் தனியே இருந்தன. சில இன்னொரு குழந்தையுடன் கூட இருந்தன. கூட்டாளியுடன் இருந்த குழந்தைகள் தனித்திருந்தவற்றிலும் நன்றாகக் கற்றன. திரை மாறவில்லை, படம் மாறவில்லை. பக்கத்தில் ஓர் உயிர் இருந்தது. அவ்வளவுதான்.

ஆகவே, கண்ணாடி முழுவதும் தீது என்று நான் சொல்லவில்லை. ரொறன்ரோவிலுள்ள அம்மம்மாவை எண்ணிப் பாருங்கள். கொழும்பில் காலை ஏழு மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. அவர் நித்திரைக்குப் போகுமுன் பேரனை அழைக்கிறார். பேரன் கரண்டியைத் தூக்கிக் காட்டுகிறான், “என்ன ராசா சாப்பிடுறீங்கள், பிட்டோ?” என்கிறார், அவன் சிரிக்கிறான், அவரும் சிரிக்கிறார். இங்கே எறிந்ததை அங்கே பிடிக்கிறார். இரண்டரை வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் புதிய சொற்களை இவ்வாறு கண்டு பேசும் அழைப்பின் மூலம் கற்பித்தபோது, நேரிற் கற்பித்தது போலவே கற்றனர் என்றும், முன்னரே பதிவு செய்த படத்தின் மூலம் கற்பித்தபோது கற்கவில்லை என்றும் 2014 இல் ஓர் ஆய்வு காட்டியது. கருவி ஒன்றே, அளவும் ஒளியும் ஒன்றே. ஆனால் ஒன்றில் மறுமுனையில் மனிதர் இருக்கிறார், மற்றதில் இல்லை. கடல் கடந்து சிதறிய நமது குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பேரனின் முதற் சொல்லைக் கேட்கும் பாக்கியத்தை அந்த அம்மம்மாவுக்குத் தந்தது இக்கண்ணாடியே.

அதே வீட்டில், அதே காலையில், அழைப்பு முடிந்தவுடன் இன்னொரு காட்சி நடைபெறுகிறது. பிள்ளை வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். பாட்டுப் போட்டால்தான் ஒரு வாய். பாட்டு ஓட ஓட வாய் தானே திறக்கிறது. பிட்டு உள்ளே போகிறது. என்ன உண்டோம் என்பதை அவன் அறியான். முன்னர் அம்மம்மா காகத்தைக் காட்டினார் அல்லவா, அதற்குப் பதில் இது என்று ஒரு தந்தை என்னுடன் வாதிட்டார். காகம் அழைத்த நேரத்துக்கு வராது, அண்ணா. வரும் என்று காத்திருக்க வேண்டும். வந்தாலும் மதிலில் ஒரு கணம் இருந்துவிட்டுப் பறந்துவிடும். அது எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று பிள்ளை கேட்கும்; அம்மம்மா ஏதோ ஒரு கதை கட்டுவார். உணவுக்கிடையே பேச்சுத்தான் நிரம்பியிருந்தது. காகம் ஒரு சாட்டு.

உணவினும் கவனிக்க வேண்டியது அழுகை. பிள்ளை அழுதால், விழுந்தால், கோபித்துக் குழப்படி செய்தால், உடனே போன். இது மிக வேகமாக வேலை செய்வதனாலேயே ஆபத்தானது. அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயது வரையான 422 பிள்ளைகளை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து 2022 இறுதியில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அடக்குவதற்காக அடிக்கடி கருவி கொடுக்கப்பட்ட பிள்ளைகளில், குறிப்பாக ஆண்பிள்ளைகளிடத்தும் இயல்பாகவே துடியாட்டமுள்ள பிள்ளைகளிடத்தும், கோபதாபம் பின்னர் கூடியிருந்தது. எந்தப் பிள்ளைக்கு அழுகையை ஆற்றிக்கொள்ளும் பயிற்சி அதிகம் வேண்டுமோ, அந்தப் பிள்ளைக்கே அப்பயிற்சி தவறிவிடுகிறது. அழுகை ஓய்ந்ததென்று நாம் எண்ணுகிறோம். அது கண்ணாடிக்கு அப்பால் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இதுவரை பிள்ளையின் கையிலுள்ள போனைப் பற்றியே பேசினேன். பெற்றோர் கையிலுள்ள போனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் சபையில் முகங்கள் சற்று மாறுவதையும் காண்கிறேன். எட்வர்ட் ரொனிக் என்னும் உளவியலாளர் 1978 இல் வெளியிட்ட சோதனை ஒன்று புகழ் பெற்றது. தாய் குழந்தையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று முகத்தில் யாதொரு அசைவுமின்றிக் குழந்தையை நோக்கியிருக்கிறாள். குழந்தை முதலிற் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, ஓசையெழுப்புகிறது, ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. அக்காலத்தில் அச்சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. இப்போது எந்த வீட்டின் நாற்காலியிலும், செய்தி வாசிக்கும் தந்தையின் முகத்தில் அது நாளும் நடைபெறுகிறது. பொஸ்ரன் நகரத்துச் சிற்றுண்டிச்சாலைகளில் பிள்ளைகளுடன் உண்ண வந்த 55 பெரியவர்களைக் கவனித்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேர் உண்ணும்போது போனைப் பயன்படுத்தினர். வெள்ளவத்தையில் எண்ணினால் தொகை குறையும் என்று நான் நம்பவில்லை.

இதனினும் தெளிவான சோதனை 2017 இல் வெளிவந்தது. இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மார் இரண்டு புதிய சொற்களைக் கற்பிக்க வேண்டும். ஒரு சொல்லை இடையூறின்றிக் கற்பித்தனர். மற்றதைக் கற்பிக்கும்போது இடையில் போன் மணி ஒலித்தது. தாய் எடுத்துச் சிறிது பேசிவிட்டு மீண்டும் கற்பித்தாள். இரண்டு சொற்களையும் பிள்ளை கேட்ட அளவு ஒன்றே. இடையூறில்லாத சொல்லைப் பிள்ளைகள் கற்றனர். அறுபட்ட சொல்லைக் கற்கவில்லை. எத்தனை மணி நேரம் பிள்ளையோடு இருந்தோம் என்று நாம் கணக்கிடுகிறோம். பிள்ளையோ அந்த நேரம் எத்தனை முறை அறுந்தது என்று கணக்கிடுகிறது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன் கொடுக்கும் குற்றம் எப்போதும் தாயின் மீதே சுமத்தப்படுகிறது. தந்தையின் கண் திரையில் இருந்தால் அவர் ‘கந்தோர் அலுவல்’ பார்க்கிறார். தாயின் கண் இருந்தால் அவள் ‘போனும் கையுமாக’ இருக்கிறாள். நான் சென்ற வீடுகளில், தாய் சமைக்கும் அந்த நாற்பது நிமிடமும் சும்மா அமர்ந்திருந்த தந்தையர் சிலரைக் கண்டிருக்கிறேன். அந்த அக்காவின் கேள்விக்கு அவ்வீடுகளில் விடை நாற்காலியிலேயே இருக்கிறது. பெரியோர்களும் என்னை மன்னிக்க வேண்டும்: நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா என்று கேட்கும் மாமாமார் சிலர், காலை வணக்கப் படங்களை நாளுக்கு இருபது பேருக்கு அனுப்பிக்கொண்டுதான் அதைக் கேட்கிறார்கள்.

கொம்பனிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுவர்க்கென யூடியூப் கிட்ஸ் 2015 இல் தொடங்கப்பட்டது. அதிற்கூட, பிள்ளைகள் விரும்பும் பாத்திரங்களின் வேடத்தில் அச்சமூட்டும் படங்கள் புகுந்துவிட்டமை 2017 இல் பெரும் பரபரப்பாயிற்று. சிறுவரின் விபரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டிய குற்றச்சாட்டில் கூகிளும் யூடியூப்பும் 2019 இல் அமெரிக்க அரசுக்கும் நியூயோர்க் மாநிலத்துக்கும் 17 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. பிள்ளையின் பார்வை எவ்வளவு நேரம் நிலைக்கிறதோ அவ்வளவு வருவாய் என்னும் வியாபாரத்தில், நிறுத்தும் பொறுப்பைக் கருவியிடம் எதிர்பார்ப்பது பேதைமை. தீயவை மட்டுமே அங்குள்ளன என்று சொல்லவும் மாட்டேன். சென்னையில் 2013 இல் தொடங்கிய சூச்சூ டிவி உலகெங்கும் பிள்ளைகளைக் கவர்ந்திருக்கிறது. தமிழ்ப் பாட்டுகளும் அதில் உண்டு. ஆங்கிலப் பாட்டுக்குத் தமிழ்ப் பாட்டு மேல் என்று சில தாய்மார் அதைத் தேடிப் போடுகின்றனர், பாராட்டத்தக்கதே. ஆயினும் ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண்பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தன் அம்மம்மாவைப் ‘பாட்டி’ என்று அழைத்தாள். கிழவி ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்த பனங்கட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, “அம்மம்மா எண்டு சொல்லுங்கோ” என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பிள்ளை அப்படியே அழைத்தாள். திரை கொடுத்த சொல்லை மாற்ற ஒருவர் மடியில் இருத்தி மூன்று நாள் பேச வேண்டியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுரை யாவருக்கும் பயன்படும்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்கும் இருந்து பார்க்கும் திரை தகாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படாமல், குறைந்தால் நன்று. சுவீடன் நாட்டுச் சுகாதாரத் திணைக்களமும் 2024 இல் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என அறிவுறுத்தியது. ஆனால் ‘ஒரு மணி நேரம்’ என்னும் கணக்கு மட்டும் நம்மைக் காப்பாற்றாது என்பது என் எண்ணம். தாய் பக்கத்திலிருந்து, “இந்த யானை எங்கே போகுது?” என்று கேட்டுக்கேட்டுப் பார்க்கும் அரைமணி வேறு, உணவுக்கும் அழுகைக்கும் நித்திரைக்கும் துண்டு துண்டாகக் கொடுக்கும் அரைமணி வேறு. நாளில் எதையாவது விலக்க வேண்டுமென்றால், நான் முதலில் விலக்கச் சொல்வது இந்த மூன்று வேளைகளையும்தான். சமையல் நேரத்து நாற்பது நிமிடத்தை அல்ல. அதை ஒரு தாய் தனியே விலக்க முடியாது.

அதனை நாம் சேர்ந்து விலக்கலாம் என்றே இன்று உங்கள் முன் நிற்கிறேன். நான் செல்லும் ஒரு தொடர்மாடியில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் ஏழு. அவற்றுள் நான்கு வீட்டாருக்கு மற்றவர் பெயர் தெரியாது. மின்தூக்கியில் தலையசைப்பதோடு சரி. நான்கு வீடுகள் முறை வைத்தால் ஒரு மாலை ஒரு தாயோ தந்தையோ நான்கு பிள்ளைகளைப் பார்க்க, மற்ற மூன்று வீடுகளிலும் அடுப்பு எரியும். பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருந்தாலே வேறுபாடு உண்டு என்பதை முன்னரே சொன்னேன். இதற்குப் பணம் வேண்டாம். முதலிற் கதவைத் தட்டும் ஒருவர் வேண்டும். கூச்சமுள்ள பெற்றோருக்காக அக்கதவைத் தட்ட எங்கள் இளைஞர் பகுதியில் ஆறு பேர் ஒப்புக்கொண்டுள்ளனர்.

இரண்டாவது, இம்மண்டபம். சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை இது பூட்டியே கிடக்கிறது. சாவியைத் தரச் செயலாளர் இசைந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் விழாவுக்கு வாங்கிய பாய்கள் பத்து இருக்கின்றன. மொறட்டுவைத் தச்சர் ஒருவரிடம் சாயம் பூசாத மரக்கட்டைகளுக்கு விலை கேட்டிருக்கிறேன். மணலுக்குக் கடற்கரை அருகிலேயே உண்டு. கதை சொல்லவல்ல ஆச்சிமார் மூவர் வருவதாகக் கூறியுள்ளனர். இன்னும் இருவர் வந்தால் நலம். பெற்றோர் வந்து உடனிருக்கலாம். ஆனால் போன்களை வாசலிலுள்ள பெட்டியில் வைத்துவிட்டே உள்ளே வரவேண்டும். தந்தையருக்கும் இவ்விதி பொருந்தும். வாசலருகே ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருக்கிறேன். விரும்புவோர் போகுமுன் பிள்ளையின் பெயரையும் வயதையும் தொடர்மாடியின் பெயரையும் அதில் எழுதிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.